ஆள் பஞ்சமும் கூலிக் கணக்கும்

2023-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தக்காளிக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிலோ நூறு ரூபாயைத் தாண்டிற்று. ஜனங்களின் கஷ்டத்தைக் கண்டு, ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்கத் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்பாடு செய்தது. அந்த நாட்களில் தக்காளியைப் பற்றி எழுதிய பத்திரிகைகளில் எதுவாவது விலையைச் சொல்லாமல் எழுதிற்றா? கோயம்பேட்டில் மொத்த விலை என்ன, தெருக்கடையில் சில்லறை விலை என்ன, போன வாரம் எவ்வளவு விற்றது என்பவையெல்லாம் செய்தியின் முதல் வரியிலேயே வந்துவிட்டன. விலை குறிக்கப்படாத தக்காளிச் செய்தியை எந்த உதவியாசிரியரும் அச்சுக்கு அனுப்பியிருக்கமாட்டார்.

ஆனால் தட்டுப்பாடு மனித உழைப்புக்கு ஏற்பட்டது என்று சொல்லப்படும்போது மட்டும் இந்த வழக்கம் எங்கே போய்விடுகிறது? “விவசாய வேலைக்கு ஆட்கள் கிடைக்கவில்லை”, “திருப்பூரில் தொழிலாளர் பற்றாக்குறை”, “கட்டட வேலைகள் முடக்கம்” என்றெல்லாம் தலைப்புகள் வருகின்றன. தலைப்பின் கீழ் அரைப் பத்தி செய்தி இருக்கிறது. முழுவதையும் படித்து முடித்தாலும், கிடைக்காத அந்த ஆளுக்கு என்ன கூலி கொடுப்பதாகச் சொல்லப்பட்டது என்பது தெரிவதில்லை. சந்தைக்குப் போய் வெறுங்கூடையோடு திரும்பியவன் ஒருவன், “ஊரில் தக்காளியே இல்லை” என்றால், “நீ என்ன விலைக்குக் கேட்டாய்?” என்று குழந்தைகூடக் கேட்கும். அந்தக் கேள்வியை எமது நிருபர்கள் கேட்பதில்லை. கேட்டு வரும்படி ஆசிரியர்களாகிய நாமும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இந்தக் குற்றத்தில் எமக்குள்ள பங்கை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

இந்தக் குறை எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள். நிருபர் ஒரு கிராமத்துக்குப் போகிறார். அவரை வரவேற்றுத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுப்பவர் நிலச்சொந்தக்காரர். தொழில் நகரமானால், டெலிபோனில் உடனே பேசக் கிடைப்பவர் முதலாளிகள் சங்கத்தின் காரியதரிசி. அவர்கள் சொல்வது பொய் என்று நாம் கூறவில்லை. அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது வாஸ்தவமாகவே இருக்கலாம். ஆனால் அது ஒரு தரப்பாரின் அனுபவம். மறு தரப்பாரோ விடியுமுன் எழுந்து பஸ் ஏறிப் போய்விட்டவர்கள். பொழுது சாய்ந்து வருகிறவர்கள். பத்திரிகைக்காரரிடம் பேச வேண்டுமென்ற நினைப்பே இல்லாதவர்கள். ஆகவே அவர்களுடைய சொல் செய்தியில் இடம் பெறுவதில்லை. தொழிலாளர் கூட்டுச் சேர்ந்து கூலி உயர்வு கேட்டால் ஊரெல்லாம் பேசுகிறது. கூலியை உயர்த்துவதில்லை என்று எஜமானர்கள் தங்களுக்குள் வாய் திறவாமலே வைத்துக்கொண்டிருக்கும் உடன்பாட்டைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை என்பதை ஆடம் ஸ்மித் 1776-லேயே எடுத்துக்காட்டினார். அவர் தொழிற்சங்கவாதியல்லர். வியாபார சுதந்திரத்துக்கே தத்துவம் வகுத்தவர்.

கூலியை விட்டுவிட்டு ஆள் பஞ்சத்தை மட்டும் பேசுவதால் விளையும் தீமை சாமானியமானதல்ல. நோயின் பெயரைப் பொறுத்தே மருந்து தீர்மானிக்கப்படுகிறது. “ஆள் இல்லை” என்று எழுதினால், “வேறு இடத்திலிருந்து ஆளைக் கொண்டு வா”, “போகிறவனைத் தடுத்து நிறுத்து” என்பதே பரிகாரமாகத் தோன்றும். “இந்தக் கூலிக்கு ஆள் இல்லை” என்று எழுதினால் பரிகாரமே வேறாகிவிடுகிறது. சரித்திரம் இதற்குச் சாட்சி.

இங்கிலாந்தில் 1348-ல் கொள்ளை நோய் புகுந்து, ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டார்கள். உழுவதற்கும் அறுப்பதற்கும் உண்மையாகவே ஆளில்லை. மிஞ்சியவர்கள் கூலி உயர்த்திக் கேட்டார்கள். எங்கே கூடுதலாகக் கொடுத்தார்களோ அங்கே போனார்கள். உடனே 1349-ல் ராஜாவின் கட்டளையும், 1351-ல் பார்லிமெண்டின் சட்டமும் பிறந்தன. நோய்க்கு முன்பிருந்த கூலிக்குமேல் எவனும் கேட்கக்கூடாது, வேலை மறுக்கக்கூடாது, மீறினால் தண்டனை. ஆள் குறைந்தால் கூலி உயரும் என்பதை அந்தப் பிரபுக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அறிந்திருந்ததனால்தான் அதைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள்.

அது அயல் நாட்டுக் கதை என்பவர்களுக்கு நம்முடைய கதையையே சொல்வோம். பிரிட்டிஷ் காலனிகளில் 1834-ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய கரும்புத் தோட்டங்களில் பழைய நிலைமையில் உழைக்க மறுத்தார்கள். தோட்ட முதலாளிகள் “ஆள் பஞ்சம்” என்று முறையிட்டார்கள். அந்த முறையீட்டுக்குக் கிடைத்த விடைதான் ஒப்பந்தக் கூலி முறை. நேட்டாலில் அடிமைகள் இருந்ததில்லை. ஆனால் அங்கிருந்த ஜூலு மக்களுக்குச் சொந்தமாக நிலமும் மந்தையும் இருந்தபடியால், தோட்டக்காரர் கொடுத்த கூலிக்கு நெடுங்காலம் உழைக்க அவர்கள் வரவில்லை. எனவே 1860 நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேரை டர்பன் துறைமுகத்தில் இறக்கிற்று. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதத்துக்குப் பத்து ஷில்லிங். அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் வீதம் உயர்வு. சாப்பாட்டுப் படி தனி. நேட்டாலில் ஆள் இல்லாமலா இருந்தது? ஆள் இருந்தது. பத்து ஷில்லிங்குக்குக் கட்டுப்படும் ஆள்தான் இல்லை. இந்த ஒரு சொல் வித்தியாசத்தை அன்றைய ஆட்சியாளர்கள் காணாததனால், ஒப்பந்தம் முடிந்தபின் தலைக்கு மூன்று பவுன் வரி, அதை எதிர்த்து 1913-ல் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகம், சிறைவாசத்தால் நலிந்து 1914 பிப்ரவரியில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மை என்று அந்தக் கதை நீண்டது.

மலாய் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பால்மரக் காடுகளில் தமிழ்க் கூலிகளின் சம்பளம் காசுக் கணக்கில் வெளிப்படையாகப் பேசப்பட்டது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றிருந்தது 1930-க்குப் பின் வந்த வியாபார மந்தத்தில் குறைந்தது. பின்னர் ஏறி, 1938-ல் மறுபடியும் குறைக்கப்பட்டது. தோட்டக்காரர்களுக்கு ஆள் தேவைதான். ஆனால் கணக்கு இந்தியாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த வருஷம் ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார், கூலிகளைச் செலவு கொடுத்து அழைத்துப் போகும் வழக்கத்தையே தடை செய்துவிட்டது. அந்நிய ஆட்சியின் கீழிருந்த ஒரு சர்க்காரையும் அசைத்தது அந்தக் காசுக் கணக்கு என்பதைக் கவனிக்கவேண்டும்.

இனி இன்றைய தமிழ்நாட்டுக்கு வருவோம். கிராமங்களில் ஆள் கிடைக்காததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் “நூறு நாள் வேலை”. 2005-ல் இயற்றப்பட்ட ஊரக வேலைச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் நூறு நாள் வேலைக்கு உறுதி கூறிற்று. அதன்படி தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 2024-25-ல் 319 ரூபாய். 2025-26-ல் 336 ரூபாய். அளந்து பார்த்துக் கூலி போடும்போது கைக்கு வந்தது இதற்கும் குறைவாயிருந்ததுண்டு. நூறு நாள் என்று பெயரேயொழிய, தேச முழுமைக்கும் சராசரி பார்த்தால் சமீப வருஷங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஐம்பது நாள்தான். வருஷத்தில் ஐம்பது நாள், அதுவும் ஒரு குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. மற்ற நாட்களில் அந்தக் குடும்பத்தார் எங்கே போனார்கள் என்று எந்தச் செய்தியாவது விசாரித்ததா?

அந்தச் சட்டத்தால் தனியார் கொடுக்கும் கூலி ஓரளவு உயர்ந்தது என்பது உண்மை. கிளெமெண்ட் இம்பெர்ட், ஜான் பாப் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இது காட்டப்பட்டிருக்கிறது. கூலிக்காரனுக்கு உட்கார்ந்து பேச ஒரு திண்ணை கிடைத்தால் அவன் கேட்கும் கூலி சற்று உயர்வது இயல்பே. இதைத் தீமை என்பார் சிலர். நன்மை என்பார் சிலர். அது அபிப்பிராய பேதம். ஆனால், “ஆள் இல்லை” என்று மட்டும் எழுதி, “முன்னைவிட உயர்ந்த கூலி கேட்கிறார்கள்” என்பதை எழுதாமல் விடுவது அபிப்பிராய பேதம் ஆகாது. செய்தியில் பாதியை மறைப்பதாகும். 2025 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய சட்டத்தில் நாட்கள் 125 ஆக உயர்த்தப்பட்டிருக்கின்றன. கூடவே, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக இருக்கும் காலத்தில் வருஷத்துக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலைகளை நிறுத்தி வைக்கவும் அதில் விதி இருக்கிறது. விவசாயத்துக்கு ஆள் வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த விதி சரியா தவறா என்பதை வேறொரு நாள் ஆராய்வோம். ஆனால், ஆள் பஞ்சம் என்ற பேச்சு சட்டப் புத்தகத்தில் ஏறும் வல்லமை கொண்டது என்பதற்கு 1351-ஐத் தேடிப்போக வேண்டியதில்லை என்பதை மட்டும் இங்கே குறிக்கிறோம்.

தேச முழுமைக்குமுள்ள கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஆள் பஞ்சம் வருஷக்கணக்காக நீடிப்பது உண்மையானால், விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தபின்னும் கூலி வேகமாக ஏறியிருக்கவேண்டும். ரிசர்வ் பாங்க் வெளியிடும் புள்ளிகளைக் கொண்டு ஜான் திரேஸ் கணக்கிட்டதில், 2014-15 முதல் 2021-22 வரை விவசாயக் கூலியின் உண்மையான உயர்வு வருஷத்துக்கு ஒரு சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. கட்டட வேலைக்கூலி இன்னும் மோசம். அந்த ஏழு வருஷங்களில் ஆள் பஞ்சத்தைப் பற்றி எத்தனை தலைப்புகள் வந்தன என்று எமது பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தாலே எமக்கு வெட்கமாயிருக்கிறது. மேலும், 2022-23-ல் ஆண் விவசாயக் கூலி கேரளத்தில் சராசரி 764 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய். வட நாட்டு வாலிபர்கள் மூன்று நாள் ரயிலில் நின்றுகொண்டே தெற்கே ஏன் வருகிறார்கள் என்பதற்கு இவ்விரண்டு எண்களுக்குமேல் வியாக்கியானம் தேவையில்லை.

ஆனால் எண்ணை எழுதிவிட்டால் மட்டும் போதாது. எண்ணுக்குள்ளும் சூது இருக்கிறது. ஆள் தேடும் விளம்பரங்களில் “மாதம் இத்தனை ரூபாய் வரை சம்பாதிக்கலாம்” என்று போடுகிறார்களே, அந்த “வரை” என்ற சொல்லைக் கவனியுங்கள். அது உச்சியைக் காட்டி அடியை மறைக்கும் சொல். “தகுதிக்கேற்ற சம்பளம்” என்பதோ எதையுமே சொல்லாத சொல். திருப்பூரில் ஒரு நாள் சம்பளம் என்றால் எட்டு மணி நேரத்துக்கா, “ஒன்றரை ஷிப்டு” எனப்படும் பன்னிரண்டு மணி நேரத்துக்கா என்று கேட்டால்தான் கணக்குப் புரியும். பீஸ் ரேட்டானால், ஆர்டர் குறைந்த மாதங்களில் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் கேட்கவேண்டும். நூற்பாலைகளில் “சுமங்கலித் திட்டம்” என்ற மங்களகரமான பெயரில் இளம்பெண்களை மூன்று வருஷம் விடுதியில் வைத்து வேலை வாங்கி, கடைசியில் ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாட்டை நேயர்கள் அறிவார்கள். இடையில் நோயுற்றுப் போனவளுக்கு அந்தத் தொகை என்ன ஆயிற்று என்பதும் கூலிக் கணக்கைச் சேர்ந்ததே. வயற்காட்டிலோ, நாற்று நடும் பெண்ணுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டும் ஆணுக்கு ஒரு கூலி. “கூலி இவ்வளவு” என்று எழுதும் நிருபர் யாருடைய கூலி என்று சொல்லவேண்டாமா? நடவுப் பெண்கள் கிடைக்கவில்லை என்ற செய்தியில் ஆண் கூலியைப் போட்டு வைத்தால், படிப்பவன் “இவ்வளவு கொடுத்துமா வரவில்லை!” என்றுதான் பெண்களைக் குறை கூறுவான்.

அமெரிக்காவிலும் இதே கோளாறு உண்டு. அங்கே 2021-ல் லாரிக் கம்பெனிகளின் சங்கம் 80,000 டிரைவர்கள் குறைவு என்று அறிவித்தது; பத்திரிகைகள் அந்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டன. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2019-ல், அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகாவின் மாத சஞ்சிகையில் ஸ்டீபன் பர்க்ஸ், கிறிஸ்டன் மொனாக்கோ என்ற இருவர் இதை ஆராய்ந்து, டிரைவர் வேலையும் மற்ற வேலைகளைப் போன்றதே, சம்பளம் உயர்ந்தால் ஆள் வரத்தான் செய்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். தொலைதூர லாரி டிரைவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் ஓடிய மைல் கணக்கில். கிடங்கு வாசலில் சரக்கு இறக்கக் காத்துக் கிடக்கும் மணிகளுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. பெரிய கம்பெனிகளில் சேர்கிறவர்கள் வருஷத்துக்குள்ளேயே கூட்டங்கூட்டமாக விலகிப் போகிறார்கள். இது ஆள் கிடைக்காத நிலைமையா, வந்த ஆள் நிற்காத நிலைமையா? இரண்டுக்கும் தலைப்பு ஒன்றாக இருக்க முடியாது.

முதலாளிகளுக்கும் சிறு விவசாயிகளுக்கும் நாம் அநியாயம் செய்வதாக யாரும் எண்ணவேண்டாம். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவன், கேட்ட கூலியைக் கொடுத்தால் வீட்டுக்கு நெல் மிஞ்சாது என்கிறான். அவன் சொல்வது பெரும்பாலும் உண்மை. 2025-26-ல் மத்திய சர்க்கார் சாதா ரக நெல்லுக்கு நிர்ணயித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். இந்த விலையில் நடவு, களையெடுப்பு, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக மீதி என்ன என்று நிருபர் அவனோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும். பார்த்தால், அவனுடைய வயலில் பஞ்சம் ஆளுக்கல்ல, நெல்லின் விலைக்கு என்பது வெளிப்படும். அப்போது செய்தியின் தலைப்பு மாறும். குடியானவனும் கூலிக்காரனும் ஒருவரையொருவர் முறைத்துக் கொண்டு நிற்பதற்குப் பதிலாக, இருவருடைய வழக்கும் சேர்ந்து போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகும். கூலியை மறைத்து எழுதும் செய்தி குடியானவனுக்கும் உதவி செய்வதில்லை.

எல்லா ஆள் பஞ்சமும் கூலிப் பஞ்சமே என்றும் நாம் சாதிக்க வரவில்லை. ஒரு டாக்டரையோ, தேர்ந்த நர்ஸையோ சம்பளத்தை உயர்த்திய மறுநாளே உண்டாக்கிவிட முடியாது. அதற்கு வருஷக்கணக்கில் படிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்பும் குறைந்து வருகிறது; கிராமத்தில் படித்த பிள்ளைகள் சேற்றில் இறங்க விரும்புவதில்லை. சாதி வழியாக வந்த அவமானமும் அந்தச் சேற்றில் கலந்திருக்கிறது; அதைக் கூலி ஒன்றால் கழுவிவிட முடியாது. கூலியை உயர்த்தியும் ஆள் வரவில்லை என்று ஒரு நிருபர் விசாரித்து எழுதினால் அது மிகவும் பெரிய செய்தி. அதை நாம் முதற்பக்கத்திலேயே போடுவோம். ஆனால் “உயர்த்தியும்” என்ற அந்தச் சொல்லுக்கு ஆதாரமாக, போன வருஷக் கூலியும் இந்த வருஷக் கூலியும் செய்தியில் இருக்கவேண்டும்.

தஞ்சைத் தரணியில் கூலிக் கணக்கு எவ்வளவு கொடிய விஷயமாக மாறக்கூடும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. கீழ்த் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் அறுவடைக் கூலியில் சிறிது நெல் கூடுதலாகக் கேட்டார்கள். நிலச்சொந்தக்காரர்கள் அதைக் கொடுக்க மறுத்து, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். பகை முற்றி, 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் அதற்கு மறு வருஷம், 1969-ல் வந்தது. அந்தச் சாவுகளுக்கு முன்பு பல மாதங்களாக வயல்வெளியில் பேசப்பட்டு வந்த விஷயம் மரக்காலும் படியும்தான். அந்த அளவைப் பத்திரிகைகள் அப்போதே கேட்டுக் கேட்டு எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்று சொல்ல யாராலும் முடியாது.

மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கும் நாட்களில், டெல்டா ஜில்லாக்களிலிருந்து “நடவுக்கு ஆள் இல்லை” என்ற கடிதம் எமது மேஜைக்கு வழக்கம்போல் வரும். நடவுக்கூலி ஏக்கருக்கு எவ்வளவு பேசப்பட்டது, அது எத்தனை பெண்களுக்குப் பங்காயிற்று, போன குறுவைக்கு என்ன கொடுத்தார்கள், நடவுக்கு வராதவர்கள் அன்று எந்த வேலைக்கு எவ்வளவு கூலிக்குப் போனார்கள் என்ற விவரம் அதில் இல்லையானால், கடிதத்தை நிருபருக்கே திருப்பி அனுப்பிவிடுவது என்று நாம் தீர்மானித்திருக்கிறோம். பஸ் நிறுத்தத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நின்றால் விடை சொல்லக்கூடியவர்கள் கிடைப்பார்கள் என்பதையும் அவருக்கு எழுதியிருக்கிறோம்.